அழகிய நீர்த் தீவில் ஒரு நாள்: கார்பே அருவியும் குளிக்கும் மடுக்களும்

எமது கல்லூரியின் பூமிசாத்திர வகுப்பிலே மேற்கிந்தியத் தீவுகளைப் பற்றி நாம் கற்றவை இரண்டொரு வரிகளுள் அடங்கும். அங்கே கரும்பும் வாழையும் விளையும், ஆவணி புரட்டாதி மாதங்களிற் சூறாவளி வீசும், அவ்வளவே. மைதானத்திலே நாம் அறிந்துகொண்டது அதனிலும் சற்றுக் கூடுதல். ஆயினும் அது பந்தையும் மட்டையையும் பற்றிய அறிவு. அத்தீவுகளிலே மலைகள் உண்டென்பதும், அம்மலைகளில் நூறு மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தினின்றும் அருவிகள் வீழ்கின்றன என்பதும், அவ்வருவிகளின் அடிவாரத்து ஊர்களிலே தமிழ்ப் பெயர் தாங்கிய மக்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றனர் என்பதும் எமக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஆசிரியர்மீது குறைகூறுவதற்காக இதனை எழுதுகின்றோமல்லோம். அவர்கள் கையிலிருந்த புத்தகத்திலும் அது இருக்கவில்லை.

பிரான்சிலே குடியேறி வாழும் பழைய மாணவராகிய நாம் மூன்று குடும்பத்தினர் கூடி, ஒரு மார்கழி விடுமுறையைக் குவாதலூப்புத் தீவிலே கழித்தோம். 1946ஆம் ஆண்டு முதல் அது பிரான்சின் கடல்கடந்த மாகாணங்களுள் ஒன்று. ஆதலின் அங்கே பேச்சு பிரெஞ்சும் கிரெயோலும். மட்டையையும் பந்தையும் பற்றிப் பேசுவாரை நாம் காணவில்லை. அவ்விடுமுறையில் ஒரு நாளை அருவிகளுக்கும் ஆற்று மடுக்களுக்குமென ஒதுக்கி, வழிகாட்டி ஒருவரை அமர்த்திச் சென்று வந்தோம். அந்நாளில் நாம் கண்டவற்றையும், அவற்றிலும் பார்க்கச் சிறப்பாக, அவ்வழிகாட்டி எமக்கு விளக்கியவற்றையும் இவ்விழா மலரின் வாசகருக்கு எடுத்துரைத்தல் பயன்படும் என எண்ணுகின்றோம். எம்மவருள் மேல்நாடுகளிலிருந்து இத்தகைய இடங்களுக்குச் செல்வோர் ஆண்டுதோறும் பெருகுகின்றனர். நீந்தத் தெரியும் என்ற ஒரே துணிவோடு ஆற்றில் இறங்குவோரும் அவருட் பலர்.

தீவின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். படத்திலே பார்த்தால் அது சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போலத் தோன்றும். கிழக்குச் சிறகு கிராந்தேர். மேற்குச் சிறகு பாஸ்தேர். இடையே ஒடுங்கிய உப்பங்கழி ஒன்று. கிராந்தேர் என்றால் பெருநிலம், பாஸ்தேர் என்றால் தாழ்நிலம் என்பது பொருள். ஆனால் இரண்டினுட் பெரியது தாழ்நிலமே, உயர்ந்ததும் அதுவே. காற்று மறைவான பக்கத்தைத் தாழ்ந்த பக்கம் என்று அழைத்த பழைய கப்பலோட்டிகளின் வழக்கினால் வந்த குழப்பம் இது. கிராந்தேர் சுண்ணாம்புக்கல் நிலம். தட்டையானது, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கே இல்லை, மழைநீர் கல்லினூடு கீழே இறங்கிவிடும். யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு அந்நிலத்தைப் பற்றி ஒருவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. மேற்குச் சிறகோ எரிமலையினால் எழுந்தது. அதன் தென்பாதியிலே சூபிரியேர் என்னும் எரிமலை 1467 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது. சிற்றந்தில்சுத் தீவுகள் அனைத்திலும் அதனின் உயர்ந்த சிகரம் இல்லை. 1976ஆம் ஆண்டு யூலை மாதம் 8ஆந் திகதி அது நீராவியையும் சாம்பலையும் கக்கத் தொடங்கியபின் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அட்லாந்திக்கிலிருந்து ஆண்டெல்லாம் வீசும் கிழக்குக் காற்று இம்மலைமேல் ஏறிக் குளிர்ந்து மழையாகின்றது. சிகரத்தில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 10 மீற்றர் என்பர். ஒரு வீட்டைக் கூரையோடு மூடத்தக்க நீர் அது. கிராந்தேரிற் குழாயைத் திறப்பவர் குடிப்பதும் பெரும்பாலும் இம்மலையின் நீரையே.

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை வழிகாட்டி தொலைபேசியில் அழைத்தார். பிரான்சின் சட்டப்படி கூலி பெற்று மலைவழி காட்டுவோர் அரசின் தகுதிப் பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும். கயிறு கட்டி ஆற்றுப் பிளவுகளில் இறங்குவிப்போருக்கு அதற்கெனத் தனிப் பத்திரம் உண்டு. இவர் இரண்டும் பெற்றவர், ஐம்பதை அடுத்த வயதினர், சொற்சுருக்கமுடையவர். எத்தனை பேர், சப்பாத்தின் அளவென்ன, எவருக்கேனும் காலிற் புண் உண்டா என்று வினவியபின், “உங்களுள் நீந்தத் தெரிந்தவர் எங்கே நீந்தக் கற்றனர்?” என்றும் கேட்டார். நாம் சிறிது பெருமையோடு கீரிமலைக் கேணியைப் பற்றிச் சொன்னோம். கடலோரத்திலே சுண்ணாம்புக் கல்லினின்றும் நன்னீர் ஊறும் கேணி என்று கேட்டு வியந்தார். பின்னர், “ஓடாத நீர் அல்லவா?” என்றார். “ஆம்” என்றோம். “நல்லது, அறிந்துகொண்டேன்” என்று சொல்லி விடைபெற்றார். அவர் எதனை அறிந்துகொண்டார் என்பது எமக்கு மறுநாள் பிற்பகலிலேதான் விளங்கிற்று.

காலை ஏழு மணிக்கு வான் வந்தது. புவாந்தாபீத்திர் நகரைவிட்டு உப்பங்கழிப் பாலத்தைக் கடந்து தென்றிசை நோக்கிச் சென்றோம். வலப்புறம் மலை முகில் மூடி நின்றது, இடப்புறம் கடல். முதலில் நின்ற இடம் சாந்த் மரி என்னும் சிற்றூர். 1493ஆம் ஆண்டு கார்த்திகை மாதத் தொடக்கத்திலே கொலம்பசு தமது இரண்டாம் பயணத்தில் இக்கரையில் இறங்கினாரென்று அங்கே அவருக்கு ஒரு மார்பளவுச் சிலை நாட்டியுள்ளனர். கப்பலிலிருந்தவர்க்கு முதலிற் கண்ணிற்பட்டது முகில்களுக்கிடையே வானத்தினின்றும் தொங்குவது போன்ற வெள்ளை அருவியே. ஸ்பெயின் நாட்டிலுள்ள குவாதலூப்பே அன்னையின் மடத்தை நினைந்து அவர் தீவுக்கு அப்பெயரிட்டார். அதற்கு முன்னர் அங்கே வாழ்ந்த கரீபு மக்கள் வழங்கிய பெயர் கருக்கேரா. அழகிய நீரையுடைய தீவு என்று அதற்குப் பொருள் கூறுவர். அருவிகளுக்கு அடிவாரமான ஊரின் பெயரும் கப்பெஸ்தேர் பெல்லோ. பெல்லோ என்றால் அழகிய நீர். கரீபு மக்கள் வாளாலும் நோயாலும் அழிந்தொழிந்தனர். நீரின் பெயர் மாத்திரம் வேறு மொழியிலே நிலைத்திருக்கின்றது.

கப்பெஸ்தேரை அணுகும் பெருவீதியின் ஓரத்திலே சாங்கி என்னுமிடத்தில் ஒரு கோபுரத்தைக் கண்டு நாம் வானை நிறுத்தச் சொன்னோம். மாரியம்மன் கோயில். அவர்கள் வாயில் மலியெமன். அடிமை முறை 1848ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டபின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகள் வேண்டியிருந்தனர். 1854ஆம் ஆண்டு மார்கழி இறுதியிலே ஒரேலி என்னும் கப்பல் முதற் கூட்டத்தாரைக் கொணர்ந்து இறக்கிற்று. 1889ஆம் ஆண்டுவரை வந்தோர் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர். புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் ஏறிய தமிழர் அவருட் பெருந்தொகையினர். கப்பெஸ்தேரிலே 1863ஆம் ஆண்டு பிறந்த அன்றி சிதம்பரம் என்பார், இந்தியக் கூலிகளின் மக்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டி 1904 முதல் 1923 வரை போராடி வெற்றி கண்டவர். 1952ஆம் ஆண்டிற் காலமானார். பெயரைப் பிரெஞ்சு எழுத்திலே பார்ப்பவருக்கு அது சிதம்பரம் என்று உடனே தோன்றாது. வாய்விட்டு வாசித்தாற் புலப்படும். தமிழ் அங்கே பேச்சுமொழியாக இல்லை. கோயிற் பாட்டுக்களிலே, பாடுவோருக்கே பொருள் முழுதும் விளங்காத நிலையில், அது வாழ்கின்றது. கோயிலைத் துடைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் நாம் தமிழிற் பேசினோம். அவர் கைகூப்பி நின்றார், மறுமொழி கூறவில்லை. எம்மவர் சிலருக்குக் கண் கலங்கிற்று. இதனை இன்னும் விரித்தெழுத விருப்பமுண்டு. ஆயின் அருவிக்குச் செல்லும் வழியில் அதிக நேரம் நின்றுவிட்டோமென்று வழிகாட்டி மணிக்கூட்டைக் காட்டினார். ஒன்று மாத்திரம்: மத்தியானம் அவர் எமக்குக் கொணர்ந்த கறிக்குப் பெயர் கொலம்போ. மல்லி, சீரகம், மஞ்சள் முதலியன அரைத்த தூளிட்டு ஆக்குவது. எமது தலைநகரின் பெயரே அதற்கு வந்ததென்பர் சிலர். குழம்பு என்ற சொல்லே அவ்வாறு திரிந்ததென்பர் வேறு சிலர். நாம் இரண்டாம் கட்சியைச் சேர்ந்தோம். சுவையும் அதற்கே சாட்சி கூறிற்று.

கப்பெஸ்தேரின் தெற்கிலே சன் சவேர் என்னுமிடத்தில் வீதி மலைக்குத் திரும்புகின்றது. இருமருங்கும் வாழைத் தோட்டம். குலைகளுக்கு நீலப் பைகள் கட்டியிருந்தனர். தோட்டம் முடிந்து காடு தொடங்கும் எல்லையிலே வழிகாட்டி வானை நிறுத்தி, எம்மைக் கீழே இறங்கச் செய்து, அவ்வெல்லையைக் கையாற் சுட்டிக்காட்டினார். இந்நாளில் அவர் எமக்குத் தந்த பாடங்களுட் பெரியது இதுவேயாகும் என்று இப்பொழுது நினைக்கின்றோம்.

வாழைக்கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டை ஒழிப்பதற்கென 1972ஆம் ஆண்டு முதல் இத்தோட்டங்களிற் குளோர்தெக்கோன் என்னும் மருந்தை இட்டனர். அது நஞ்சென்று கண்டு பிரான்சின் பெருநிலத்திலே 1990ஆம் ஆண்டில் விலக்கினர். ஆயினும் இத்தீவிலும் அயலிலுள்ள மார்த்தினிக்கிலும் 1993ஆம் ஆண்டுவரை அதனைப் பயன்படுத்த இசைவளித்தனர். அம்மருந்து மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மழைக்கு எளிதிற் கரையாது. வெயிலுக்கும் எளிதிற் சிதையாது. நூற்றாண்டுக் கணக்கில் அது நிலத்திலே கிடக்கும் என்பது ஆய்ந்தோர் கணிப்பு. மண் அரித்து ஆற்றிற் சேரச் சேர நஞ்சும் உடன் சேருகின்றது. அதனாற் கீழாறுகளிலும் கரையோரக் கடலின் பல பகுதிகளிலும் மீன் பிடித்தல் விலக்கப்பட்டுள்ளது. இரு தீவுகளிலும் வளர்ந்தோருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதனை இரத்தத்திற் கொண்டுள்ளனர். இதுபற்றித் தொடுத்த குற்ற வழக்கை 2023ஆம் ஆண்டு தை மாதத்திலே பாரிசு நீதிபதிகள், காலங் கடந்தமை முதலிய காரணங் காட்டி, விசாரணைக்கு அனுப்பாமல் முடித்தனர். அச்செய்தி வந்த நாளிலே தாம் வேலைக்குச் செல்லவில்லை என்று வழிகாட்டி சொன்னார். மேலும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே ஒரே ஆற்றுக்கு மேலும் கீழும் இரண்டு இயல்பு உண்டு. காட்டெல்லைக்கு மேலே வாழையில்லை, அந்நஞ்சும் இல்லை. அவ்வெல்லைக்குக் கீழேயுள்ள மடு எத்துணைத் தெளிவாயினும், அதில் வளர்ந்த இறாலை எடுத்துச் சமைத்தல் ஆகாது. தெளிந்த நீர் தூய நீர் என்று எமது கண் கற்றுவைத்திருப்பது இங்கே பொய்யாகின்றது.

காட்டினுட் புகுந்து சிறிது தூரத்தில் கிராந்தேத்தான் என்னும் ஏரி உள்ளது. ஏறத்தாழ 20 எக்டேயர் பரப்புடையது. எரிமலைக் குழம்பு பள்ளத்தாக்கை அடைத்து நீரைத் தேக்கியதால் உண்டாயிற்று. அமைதியான நீர்; கேணியிற் பழகிய எமக்கு மிகவும் கவர்ச்சியானது. அங்கேயும் குளிக்கக்கூடாது. பில்காசியா என்னும் நோயின் புழு ஒருவகை நீர் நத்தையினுள் வளர்ந்து, நீரிற் பரந்து, இறங்குவோரின் தோலைத் துளைத்து உட்புகும். இத்தீவிலே நெடுங்காலம் இருந்த நோய் அது. ஓடும் குளிர்ந்த மலையாற்றிலே அந்நத்தை தங்குவதில்லை. ஆயினும் ஓடும் நீருக்கு வேறொரு நோயுண்டு: எமது வயல்வெளி மக்கள் நன்கறிந்த எலிக்காய்ச்சல். மழை பெய்து கரைமண் ஆற்றிற் கலக்கும் நாட்களில், காலிற் புண்ணுள்ளவர் இறங்கினால் அது தொற்றுதல் எளிது. முதல்நாள் மாலை புண்ணைப்பற்றி வினவியதன் காரணம் இதுவே. அஞ்சத் தேவையில்லாதது ஒன்றும் உண்டு. குவாதலூப்பிலே நச்சுப் பாம்பு இல்லை. இதனைக் கேட்டதும் எம்முடன் வந்த தாய்மார் முகம் மலர்ந்தது.

கார்பே ஆறு சூபிரியேரின் கிழக்குச் சரிவிலே பிறந்து மூன்று படிகளில் இறங்குகின்றது. மேலுள்ள முதலருவி 115 மீற்றர். இரண்டாவது 110 மீற்றர். மூன்றாவது 20 மீற்றர் மாத்திரமேயாயினும் நீர்ப்பெருக்கால் அதுவே பெரியது. பெரும்பாலோர் காண்பது இரண்டாவதையே. வானை விட்டிறங்கிக் கல்பாவிய பாதையில் இருபது நிமிடம் நடந்தாற் போதும். பலகைவேர் விரித்து நிற்கும் பெருமரங்களும், குடைபோன்ற மரப்பன்னங்களும், கிளைதோறும் ஒட்டி வளரும் செடிகொடிகளும் பாதையை மூடியிருந்தன. 1989ஆம் ஆண்டு முதல் இக்காடு தேசிய வனம். நடந்து செல்கையில் முதலில் ஓசை வந்தது, பின்னர் முகத்திலே ஈரம், அதன்பின்னரே அருவி. முகிலைக் கிழித்துக்கொண்டு அது வீழ்வதைப் பார்த்து நிற்கையில் எமது பிள்ளைகள்கூடச் சிறிது நேரம் பேசவில்லை.

அது அங்ஙனம் செங்குத்தாக வீழ்வதேன்? மேலே கடினமான எரிமலைப் பாறை. அதன் கீழே இறுகாத சாம்பலும் கற்சிதைவும் கலந்த மென்படை. வீழும் நீர் கீழ்ப்படையை அரித்துக் குடைகின்றது. மேற்பாறை தாங்குவாரின்றி நெடுநாள் நீட்டி நிற்கும். ஒருநாள் இடிந்து விழும். அருவி சிறிது பின்வாங்கும். இவ்வாறு நூறாயிரம் சிற்றிடிவுகளால் ஆனதே நாம் காணும் அழகு. 2004ஆம் ஆண்டு கார்த்திகை 21ஆந் திகதி அயலிலுள்ள செந்த் தீவுகளின் அருகே தோன்றிய பெரும் நிலநடுக்கத்தாலும், அதன்பின் வந்த மழைகளாலும் இங்கே பாறைகள் சரிந்தன. அதுமுதல் அருவியின் அடிக்குச் செல்லல் விலக்கப்பட்டது. நாம் மேடையொன்றில் நின்றே பார்த்தோம். தடையைத் தாண்டிச் சென்று அடியிலே நிற்பாரும் அன்று சிலர் இருந்தனர். வழிகாட்டி அவர்களை நோக்கிக் கூவவில்லை. எம்மை மாத்திரம் எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

இனிக் குளிக்கும் மடு. பிரெஞ்சிலே இதனைப் பசேன் என்பர். எமது பழஞ்சொல்லாகிய மடு என்பது அதற்கு நேரானது. வெள்ளக் காலத்திலே சுழலும் நீர் கற்களை உருட்டிப் பாறையைக் குடைவதால் உண்டாவது. வெள்ளம் வடிந்தபின் பச்சை நிறத்தோடு அசைவின்றிக் கிடக்கும். மடு அமைதியாய் இருப்பது அதனை ஆக்கிய வெள்ளம் அப்பொழுது இல்லாமையினாலேயே. வழிகாட்டி எமக்கு வாக்களித்திருந்த மடு, இன்னொரு கிளையாற்றின் பிளவினுள்ளே, பாதையை விட்டு அரைமணி நேரம் இறங்கிச் செல்லுமிடத்திலிருந்தது. அதன் பெயரை எழுதவேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டமையால் எழுதாது விடுகின்றோம். தனியே தேடி வருவோர் பெருகிவிட்டனர் என்பது அவருடைய கவலை. செல்லும்போது ஆற்றை இருமுறை முழங்காலளவு நீரிற் கடந்தோம்.

மடு மிக அழகியது. மூன்று ஆள் உயரத்தினின்றும் ஒரு சிற்றருவி வீழ, பாசிபடிந்த சுவர்கள் இருபுறமும் வளைந்து நின்றன. பிள்ளைகள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டனர். வழிகாட்டி, “பத்து நிமிடம் பொறுங்கள்” என்று கூறி, நீர்விளிம்பிலே மணலில் ஒரு குச்சியை நாட்டி, அருகிலிருந்த கல்லில் அமர்ந்தார். பத்து நிமிடத்தில் குச்சியின் அடி நனைந்து, நீர் இரு விரற்கடை மேலேறிற்று. பச்சைநீர் சிறிது தேயிலைச் சாயம் கொண்டது. காய்ந்த சருகு அன்று, பச்சையிலை கிழிந்து மிதந்து வந்தது. அவர் எழுந்து, “புறப்படுவோம்” என்றார்.

எம் தோழரின் மகனாகிய இளைஞர் ஒருவர் பொறுமையிழந்தார். தலைக்குமேல் வெயில் எறிக்கின்றது. இரு விரற்கடை நீருக்கு அஞ்சி ஓடுவதா? இதற்காகவா பணங்கொடுத்து வந்தோம்? எம்முள் மூத்தவரும் வாய்விட்டுச் சொல்லாவிடினும் மனத்தால் அவர் பக்கமே நின்றோம் என்பதை மறைத்தல் தகாது. வழிகாட்டி சினக்கவில்லை. நடந்துகொண்டே விளக்கினார்.

இம்மலையிலே ஆறுகள் குறுகியவை; சரிவு மிகுந்தவை. சிகரத்தில் மழை பெய்தால் அது கடலைச் சேர நாட்கள் வேண்டா. ஒரு மணிநேரத்துக்கும் குறைவே போதும். மடுவிலிருப்பவருக்குச் சிகரம் தெரியாது. அவருக்கு மேலே வானம் நீலமாகவே இருக்கும். வெள்ளம் சில வேளைகளிற் படிப்படியாக ஏறும். சில வேளைகளில், மரக்கிளைகள் மேலே ஒரு குறுகலை அடைத்து, பின் அவ்வடைப்பு உடைவதால், சுவர் போலத் திரண்டு வரும். மடுவிலே நின்றால் ஓடி ஏறுவதற்குக் கரையில்லை. ஆயினும் தாம் அஞ்சியது மடுவை அன்று என்றார். “நாம் ஆற்றை இருமுறை கடந்து வந்தோம். இரு முறையும் திரும்பக் கடக்கவேண்டும். முழங்காலளவு நீர் தொடையளவு ஆனால், உங்கள் பிள்ளையை நான் சுமந்து கடப்பேன்; மூன்று பிள்ளைகளையும் தாய்மாரையும் கடத்த இயலாது. மடுவில் நீர் பெருகியபின் தீர்மானிப்பவன் கடவையிலே காலந்தாழ்ந்தவன் ஆவான்.”

2022ஆம் ஆண்டு புரட்டாதியில் பியோனா என்னும் புயல் கடந்த இரவிலே இத்தென்பாதியின் ஆறுகள் பாலங்களையும் வீதிகளையும் அரித்துச் சென்றன, ஒருவர் உயிரிழந்தார். அத்தகைய நாளிலே எவரும் மடுவுக்குச் செல்லார். ஆபத்து நேர்வது பெரும்பாலும் எமது நாளைப் போன்ற இளவெயில் நாளிலேயே என்றார். முதற் கடவையில் நீர் முழங்காலுக்குச் சற்று மேலே நின்றது. இரண்டாவதிலும் அப்படியே. நாம் கடந்து, பாதைக்கு ஏறி, திரும்பிப் பார்த்தோம். ஆறு கலங்கியிருந்தது, பெருவெள்ளம் எதுவும் வரவில்லை. வெயில் எறித்துக்கொண்டிருந்தது. இளைஞர் ஆற்றையும் எம்மையும் மாறிமாறிப் பார்த்தார்.

பிற்பகலில் அவர் எம்மை வடக்கே அழைத்துச் சென்று, தீவை ஊடறுக்கும் மலைவீதியின் ஓரத்திலுள்ள எக்றெவிசு அருவியிலே இறக்கினார். நன்னீர் இறால் அருவி என்பது பொருள். பத்து மீற்றர் அளவினது. வீதியிலிருந்து சில நிமிட நடை. விடுமுறைக் கூட்டம் நிறைந்திருந்தது. எமக்குச் சிறிது ஏமாற்றமே. ஆனால் அவர் இவ்விடத்தைத் தெரிந்த காரணம் வேறு. இது சூபிரியேரின் நீரன்று, வேறு மலையின் நீர். அங்கே அப்பொழுது முகிலில்லை. ஆற்றைக் கடவாமலே கரையேறலாம். இங்கேயும் குச்சியை நாட்டினார். பத்து நிமிடமும் நீர் அசையவில்லை. “இறங்குங்கள்” என்றார்.

இறங்கியபோதுதான் கீரிமலைக் கேணியைப் பற்றி அவர் கேட்டது விளங்கிற்று. கேணியில் நீந்தக் கற்றவன் நினைத்த திக்கிற் செல்வான்; நீர் அவனை எங்கும் கொண்டுசெல்லாது. இங்கே அருவியை நோக்கி நான்கு கை வீசினால் இரண்டு கை பின்னே வருகின்றோம். நேரெதிர் நீந்துவோன் களைத்துப்போவான். குறுக்கே நீந்துவோன் கரை சேர்வான். அருவி வீழும் இடத்திலே நுரைத்து வெண்மையாயிருக்கும் நீரிற் பாதி காற்று; அது உடலைத் தாங்காது. வல்ல நீச்சற்காரரும் அதனுள் அமிழ்வர்; அமிழ்ந்தவரை மேலிருந்து வீழும் நீர் சுழற்றி மீண்டும் உள்ளிழுக்கும். ஆதலால் அருவியின் நேர்கீழே நிற்றலாகாது. பாறைமீதேறிக் குதித்தலும் ஆகாது; சென்ற மாதம் ஆழமாயிருந்த இடத்திலே ஒரு வெள்ளம் பாறையொன்றை உருட்டி வைத்திருக்கக்கூடும். மேலும் நீர் குளிர்ந்தது. கடலின் வெதுவெதுப்பிற் பழகிய உடல் முதற் கணத்தில் மூச்சை இழுத்துக்கொள்ளும். அக்கணத்திலே வாய் நீருக்கு மேலே இருத்தல் வேண்டும். எனவே முதலில் கழுத்துவரை மெல்ல இறங்கி, மூச்சு அடங்கும்வரை நின்று, பின்னர் நீந்தச் செய்தார். வழிகாட்டி கயிற்றுப் பையைத் தோளிலிட்டு மடுவின் கீழ்விளிம்பிலே நின்றார். நீர் எவரைக் கொண்டுசென்றாலும் அங்கேதான் கொண்டுசெல்லும் என்றார்.

ஒரு மணிநேரம் குளித்தோம். அக்குளிப்பின் இன்பத்தை எழுத்தில் வடிக்க எமக்கு ஆற்றல் போதாது. வெப்பமும் வியர்வையுமாய் நடந்த உடல் அந்நீரிலே இளமை பெற்றது. அறுபதைக் கடந்த எம் தோழர் ஒருவர், கல்லூரி நாட்களிற்போல, பிள்ளைகளுக்கு நீர் இறைத்து விளையாடினார்.

இப்பயணத்தை மேற்கொள்ள விரும்புவோர் தை முதற் சித்திரை வரையுள்ள உலர்காலத்தைத் தெரிதல் நன்று. நாம் சென்ற மார்கழி இடைப்பட்ட காலம். ஆவணி முதற் கார்த்திகை வரை வேண்டவே வேண்டா. வானிலை நிலையத்தார் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என நிறத்தால் எச்சரிக்கை அறிவிப்பர். மஞ்சள் நாளிலேயே பொறுப்புள்ள வழிகாட்டிகள் பயணத்தை மாற்றிவிடுவர். தோற்சப்பாத்து நனைந்தால் உதவாது. றப்பர்ச் சப்பாத்தை அவர்களே இரவல் தருவர்.

மாலையில் விடுதி வாயிலிலே வான் நின்றது. இரவல் சப்பாத்துக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தோம். இளைஞர் கடைசியாக வந்தார். அம்மடுவிலே நாம் வந்தபின் வெள்ளம் வந்திருக்குமா என்று வழிகாட்டியை வினவினார். அவர், “அறியேன்” என்றார். பின்னர் சப்பாத்துக்களை எண்ணிப் பெட்டியில் வைத்து, ஒரு சோடி குறைகின்றதென்று சொன்னார். அது வானின் பின்னிருக்கையின் கீழே கிடந்தது.